ஜீயபுரத்து முருகேசனின் போன் நம்பர்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதிப் பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். "மிஸ்!" என்று பின்னால் ஒரு குரல். பதினேழு வருஷம் அந்தக் கூப்பாட்டுக்குத் திரும்பிப் பழகிய கழுத்து... தானாகத் திரும்பியது.

பழைய மாணவி ஒருத்தியின் அம்மா. கூடையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன் மிஸ். ஸ்கூலை விட்டுட்டு சேல்ஸுக்குப் போயிட்டீங்களாமே. வீட்ல எதுவும் கஷ்டமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நானாத்தான்..."

"என்கிட்ட என்ன மிஸ் கூச்சம்? என்ன விக்கிறீங்க, சொல்லுங்க. நான் ரெண்டு வாங்கிக்கறேன். நாத்தனார்கிட்டயும் சொல்றேன்."

நான் எதையும் விற்பதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. என் பையை எட்டிப் பார்த்தார். உள்ளே முருங்கைக்கீரையும் அரைக்கிலோ சேப்பங்கிழங்கும்தான் இருந்தன.

"விக்கிறவங்க வேற இருக்காங்க. அவங்களுக்கு நான் உதவி பண்றேன். சேல்ஸ் எனேபிள்மென்ட்னு பேரு."

"ஓ..." என்றார். நீளமான 'ஓ'. அந்த 'ஓ'வை எனக்கு நன்றாகத் தெரியும். கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் புரியாதபோது வகுப்பறையில் கேட்கும் அதே ஓசை. அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்கே அந்த வேலை இன்னும் முழுதாகப் புரிந்தபாடில்லை.

உங்களில் பலர் இதையேதான் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். 'ஸ்கூல் கதைகளை ஏன் நிறுத்திவிட்டீர்கள்?' என்று ஒருவர். 'வேலை போய்விட்டதா?' என்று இன்னொருவர், ரொம்ப அக்கறையாக. இல்லை, போகவில்லை. நானாகத்தான் விட்டேன். ஏன் என்று கேட்டால், ஓர் உப்பினால்.

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி ப்ராக்டிகலில் ஓர் உப்பைக் கொடுத்து, இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நினைவிருக்கிறதா? அது என்ன உப்பு என்று எனக்குத் தெரியும். மாணவிகளுக்கும் கலரைப் பார்த்தவுடனே தெரியும். தேர்வு நடத்த வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் சேர்ந்து ஒரு மணி நேரம், ஒன்றுமே தெரியாதவர்கள் மாதிரி டெஸ்ட் ட்யூபைக் குலுக்கிக்கொண்டிருப்போம். பதினேழாவது வருஷம் குலுக்கும்போது எனக்குத் திடீரென்று கை ஓய்ந்துவிட்டது. விடை தெரியாத ஒரு வேலைக்குப் போகவேண்டும் என்று தோன்றியது.

கடவுள் இந்த மாதிரி ஆசைகளை மட்டும் உடனே நிறைவேற்றிவிடுகிறார்.

தில்லை நகரில், ஒரு மாடியில், சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. பட்டறைகளுக்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் ஓர் ஆப் செய்து விற்கிறார்கள். எந்த ஆர்டர் எந்த மெஷினில் இருக்கிறது, என்றைக்கு முடியும் என்று முதலாளியின் மொபைலில் காட்டும். விற்பதற்கு ஆறு பேர். ஆறு பேருக்கும் மேலே பிரவீன். அவருக்கு வயது முப்பது, எனக்கு நாற்பத்தைந்து. 'சார்' என்று கூப்பிட நாக்கு வளையவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் வாய் வரவில்லை. அதனால் சேர்ந்த நாளிலிருந்து அவரை 'இங்க பாருங்க' என்றே அழைத்துவருகிறேன்.

இன்டர்வியூவில் பிரவீன் கேட்டது ஒரே கேள்வி. "ஆறு பேர் மண்டையில ஒரு விஷயத்தை உங்களால ஏத்த முடியுமா மேம்?"

"நான் ஒரே நேரத்துல அறுபது பேருக்கு ஏத்தியிருக்கேன்."

எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் ப்ரொபேஷன். மூன்றாம் மாதக் கடைசியில் ரிவ்யூ. பிடித்திருந்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால்...? ஸ்கூலில் என் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று. லேப் சாவியையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போக இடமில்லை என்பது வேலையில் சேர்ந்த முதல் நாள் மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, வேலை என்ன? முதல் வாரம் பிரவீன் சொன்னார்: "விக்கிறவங்களுக்கு என்ன தேவையோ, அதைத் தேவையான நேரத்துல கையில குடுக்கணும் மேம்." ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் மாதிரியா? "அப்படியும் சொல்லலாம்," என்றார். இரண்டாம் வாரம், இது ட்ரெய்னிங் இல்லை என்றார். மூன்றாம் வாரம், ட்ரெய்னிங்கும் உண்டு என்றார். வீட்டில் என் கணவர் தினமும் சாயங்காலம் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்காவது ஒரே வரியில சொல்லேன்," என்பார். நானும் தினமும் வேறு வேறு வரியைச் சொன்னேன்.

குழப்பம் தலைக்கேறினால் மனுஷர் என்ன செய்வார்? தெரிந்த வேலையைச் செய்வார். நானும் அதைத்தான் செய்தேன். கொஸ்டின் பேங்க் தயாரித்தேன்!

ஆறு பேரையும் உட்காரவைத்து, கஸ்டமர்கள் வழக்கமாக என்ன சொல்லித் தட்டிக்கழிப்பார்கள் என்று கேட்டேன். 'ரேட் ஜாஸ்தி', 'எங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் வராது', 'வீட்ல கேட்டுட்டு சொல்றேன்' என்று அவர்கள் அடுக்க அடுக்க, பன்னிரண்டு முக்கியமான கேள்விகள் தேறின. ஒவ்வொன்றுக்கும் மாதிரி விடை எழுதினேன். பாயிண்ட் பாயிண்டாக. மார்க் வாங்கித் தரும் வார்த்தைகளுக்கு அடியில் கோடு. சும்மா சொன்னால் மனதில் நிற்காதே என்று ஒவ்வொரு விடையிலும் ஓர் உதாரணம். சனிக்கிழமைதோறும் டெஸ்ட். சிவப்புப் பேனாவைத் திறந்தபோது எனக்கு ஸ்கூலை விட்டு வந்த ஞாபகமே இல்லை.

ஆறு பேரும் நம் ஊரில் பொதுத்தேர்வு எழுதி வளர்ந்தவர்கள். புத்தகத்தில் இருப்பதை ஒரு கமா விடாமல் எழுதினால் முழு மார்க் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய விஷயமா என்ன? மூன்றாவது சனிக்கிழமையே ஆறு பேரும் சென்டம். பிரவீன் வாட்ஸ்அப் குரூப்பில் பட்டாசு வெடிக்கவிட்டார். 'இதான் மேம் எனேபிள்மென்ட்!' என்று எழுதினார். அப்பாடா, இவ்வளவுதானா என்று நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஆனால், அடுத்த மாதம் பிரவீன் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். முகத்தில் பட்டாசு இல்லை.

"மார்க் ஏறுது, சேல்ஸ் இறங்குது. எப்படி மேம்? அதுவும் யாஸ்மின்... நம்ம டீம்லயே டாப்ல இருந்த பொண்ணு. இந்த மாசம் ஒண்ணுகூட முடிக்கல. ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு தடவை அவங்ககூட நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க."

'ரிவ்யூவுக்கு முன்னாடி' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

யாஸ்மின் பாலக்கரைப் பெண். இருபத்தாறு வயது. அவள் அத்தா சின்னக் கடை வீதியில் வளையல் கடை வைத்திருக்கிறார். டெஸ்டில் அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அரியமங்கலம் போனேன்.

லேத் பட்டறை. முதலாளி பெயர் செல்வராஜ். ஐம்பது வயதிருக்கும். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே, "வாங்கம்மா, உக்காருங்க. டீ சொல்லவா?" என்றார். யாஸ்மின் ஆப்பைக் காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தாம்மா இருக்கு. ரேட்டுதான் கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுது," என்றார்.

மூன்றாவது கேள்வி! எனக்குள் ஒரு துள்ளல். யாஸ்மின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்கள் கொஞ்சம் மேலே போயின, ஃபேனைப் பார்த்து ஒப்பிக்கும் பிள்ளைகள் மாதிரி.

"உங்க கவலை நியாயமானதுதான் சார். ஆனா இதை நீங்க செலவா பாக்காதீங்க, முதலீடா பாருங்க. உதாரணமா, ஜீயபுரத்துல வாழைக்காய் மண்டி வெச்சிருக்கிற முருகேசன்..."

செல்வராஜ் சிரித்துவிட்டார்.

"இரும்மா, இரும்மா. போன வாரம் உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணாப்ல. அவரும் இதே முருகேசனைத்தான் சொன்னாப்ல. இதே வார்த்தை, இதே ராகம். அந்த ஆளு அவ்வளவு சந்தோஷமா இருக்காருன்னா, அவரு நம்பரைக் குடுங்களேன். நான் ஒரு வார்த்தை பேசிக்கிறேன். அப்புறம் இன்னிக்கே முடிச்சிடலாம்."

யாஸ்மின் பிரகாசமாக என் பக்கம் திரும்பினாள். "மேம், முருகேசன் சார் நம்பர் உங்ககிட்டதானே இருக்கு?"

என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை. ஏனென்றால், முருகேசன் என்று ஒருவரே இல்லை.

வாசகர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். ராமு எட்டு நாளில் ஒரு சுவரைக் கட்டினான், சோமு ஆறு நாளில் கட்டினான் என்று கணக்குப் புத்தகத்தில் வருகிறதே... ராமுவின் போன் நம்பரை யாராவது கேட்டதுண்டா? ராமு எந்த ஊர், அந்தச் சுவர் இன்னும் நிற்கிறதா என்று யாராவது விசாரித்ததுண்டா? பதினேழு வருஷமாக நான் உருவாக்கிய ராமுக்களும் சோமுக்களும் ஒரு வகுப்பறைக்குப் போதும். அவர்களை யாரும் பொய் என்று சொன்னதில்லை. உதாரணம் என்றுதான் சொன்னார்கள். அதே கையோடு முருகேசனையும் எழுதிவிட்டேன். அந்த நோட்ஸ் வகுப்பறையை விட்டு வெளியே போகப்போகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அது உண்மையா என்று ஆறு பேரில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. டீச்சர் கொடுத்த நோட்ஸில் சந்தேகம் கேட்க யார் பழக்கினார்கள் அவர்களை?

செல்வராஜ் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

'நம்பர் ஆபீஸில் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ரிவ்யூவும் கண்முன்னால் வந்தது. ஆனால், அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் இப்போது என்ன சொல்கிறேனோ, அதையும் அவள் மனப்பாடம் செய்துவிடுவாளே என்று பயமாக இருந்தது.

"அப்படி ஒருத்தர் இல்லைங்க," என்றேன். "நான் முன்னாடி ஸ்கூல் டீச்சரா இருந்தேன். உதாரணத்துக்கு எழுதினேன். இவங்களுக்குத் தெரியாது. தப்பு என்னுதுதான்."

செல்வராஜ் பேனாவை மூடினார். அதிசயமாக, கோபப்படவில்லை.

"சரி, முருகேசன் போகட்டும். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எங்கிட்ட ஒரு ஆளு இருக்கான், நல்ல வேலைக்காரன். ஆனா ஒண்ணை முடிச்சா முடிச்சேன்னு சொல்ல மாட்டான். அவன்பாட்டுக்கு அடுத்ததை எடுத்துடுவான். முடிஞ்ச சாமான் மூலையில கெடக்கும், நான் பார்ட்டிக்கு நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டிருப்பேன். இதுக்கு உங்க ஆப்புல வழி இருக்கா?"

பன்னிரண்டு கேள்விகளில் இது இல்லை. நான் யாஸ்மினைப் பார்த்தேன். யாஸ்மின் ஃபேனைப் பார்க்கவில்லை.

"தெரியலைங்க சார்," என்றாள். "அவரு ஸ்மார்ட்போன் வெச்சிருக்காரா? மத்தியானம் எத்தனை மணிக்கு சாப்பிடப் போவாரு?"

செல்வராஜ் சொல்ல ஆரம்பித்தார். அந்த ஆள், அவருடைய கோபம், அவருக்குப் பிடிக்காத சூப்பர்வைசர் என்று பேச்சு நீண்டது. யாஸ்மின் 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "வியாழக்கிழமை அவரையும் வெச்சுக்கிட்டு செஞ்சு பாக்கலாமா சார்?" என்று கேட்டாள். "வாம்மா," என்றார் அவர். விற்றதா இல்லையா? எனக்குப் புரியவில்லை.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நான்தான் கேட்டேன், முன்பெல்லாம் என்ன பேசி விற்பாள் என்று.

"ஒண்ணும் பேச மாட்டேன் மேம். அத்தா கடையில பழகினதுதான். வளையல் கேட்டு வந்தா, யார் வீட்டுக் கல்யாணம்னு கேப்போம். அவங்க பேச ஆரம்பிச்சுடுவாங்க. பேசி முடிக்கும்போது எந்த வளையல்னு அவங்களே சொல்லிடுவாங்க. இந்த மாசம்தான்..." என்று இழுத்தாள்.

"சொல்லு, பரவாயில்லை."

"கஸ்டமர் வாயைத் தொறந்தாலே இது எத்தனாவது கேள்வின்னுதான் மேம் மனசு தேடுது. அவங்க சொல்றது காதுலயே விழ மாட்டேங்குது. முன்னாடி நான் எப்படிக் கேப்பேன்னே மறந்துபோச்சு. என்னடா, சென்டம் வாங்கறோம், விக்க மாட்டேங்குதேன்னு ஒரே அழுகை."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு மூன்று மாதத்தில் இதைச் செய்தேன் என்றால், பதினேழு வருஷத்தில்...? அந்தக் கணக்கை மேலே போட எனக்குத் தைரியம் வரவில்லை. டீ ஆறிப்போனது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மேம்," என்றாள் யாஸ்மின். "முருகேசனை மட்டும் எடுத்துட்டு நிஜக் கஸ்டமர் ஒருத்தர் பேரைப் போட்டுடுங்க. இன்ஷா அல்லாஹ், ரிவ்யூ நல்லபடியா முடிஞ்சிடும்."

அவள் நல்லவள். யோசனையும் நல்ல யோசனை. அன்றைக்கு பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டும்வரை அந்த யோசனையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆனால், ஆறு பேர் இன்னும் எத்தனை பேரிடம் முருகேசனைச் சொல்லியிருப்பார்கள்? அவர்களில் யாராவது ஜீயபுரத்துக்கே பஸ் ஏறிவிட்டால்?

மறுநாள் காலை பிரவீனிடம் போய், "இங்க பாருங்க," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் மெதுவான குரலில், "மேம்... முருகேசன் நிஜம் இல்லையா?" என்றார்.

"இல்லை."

"நான் அவரை வெப்சைட்ல போட்டுட்டேனே!"

காட்டினார். 'எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்' என்ற தலைப்பு. கீழே என்னுடைய மூன்றாவது விடை, கோடிட்ட வார்த்தைகளோடு. பக்கத்தில் வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கும் ஒருவரின் போட்டோ. இன்டர்நெட்டில் தேடி எடுத்தாராம். பார்த்தால் பிரேசில்காரர் மாதிரி இருந்தார்.

"போட்டோ மட்டும்தான் டம்மின்னு நெனச்சேன் மேம்," என்றார் பிரவீன் பரிதாபமாக.

அந்தப் பக்கத்தை உடனே நீக்கினார். ஆறு பேரையும் கூப்பிட்டு, முருகேசனைச் சொன்ன இடங்களுக்கெல்லாம் போன் செய்து திருத்தச் சொன்னார். என்னிடம், "ரிவ்யூ வெள்ளிக்கிழமை," என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று நாளும் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு நாள் ரசத்துக்கு உப்புப் போடவில்லை. மறுநாள் இரண்டு தடவை போட்டேன். என் கணவர் வேலையைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. பிரவீன் எதிரில் ஒரு ஃபார்ம். அதைத் தொடாமல் போனை எடுத்தார். "இதைக் கேளுங்க மேம். செல்வராஜ் சார் நேத்து சாயங்காலம் அனுப்பினது."

பின்னணியில் லேத் சத்தம். முன்னணியில் செல்வராஜ்: "தம்பி, அந்தப் பொண்ணு வந்து செஞ்சு காட்டிட்டுப் போச்சு. ரெண்டு மெஷினுக்கு மட்டும் போட்டுப் பாக்கறேன். அடுத்த தடவை அந்த டீச்சரம்மாவையும் அனுப்புங்க. அவங்க பொய் சொன்னா ஒத்துக்கிறாங்க."

பிரவீன் அதை இரண்டாம் தடவையும் போட்டார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"உங்க நோட்ஸாலதான் மேம் இந்த மாசம் சேல்ஸ் விழுந்துச்சு. அந்த நோட்ஸ் தப்புன்னு நீங்க ஒத்துக்கிட்டதாலதான் ஒரு சேல் முடிஞ்சிருக்கு. இப்ப இதை நான் எந்தப் பக்கம் எழுதறது?"

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவர் ஃபார்மை என் பக்கம் தள்ளிவிட்டார். "நீங்களே எழுதுங்க மேம்."

பலம் என்று ஒரு கட்டம். பலவீனம் என்று ஒரு கட்டம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு இரண்டு கட்டத்திலும் ஒரே வரியை எழுதிக் கொடுத்தேன்: 'விடை தெரியாமல் வேலை செய்கிறார்.'

பிரவீன் படித்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். "மேல இருக்கறதைப் பாத்துக் கீழ காப்பி அடிச்சிருக்கீங்களே மேம்!" என்றார்.

பிறகு பேனாவை வாங்கி, அடியில் கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரம் இல்லை. போகவும் இல்லை. ப்ரொபேஷன் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. அந்த மூன்று மாதமும் ஆறு பேரோடும் மாறி மாறிப் போய், வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, கஸ்டமர் பேசுவதை மட்டும் எழுதிக்கொண்டு வரவேண்டும். இதுதான் சேல்ஸ் எனேபிள்மென்ட்டா என்று கேட்டேன். "இருக்கலாம் மேம்," என்றார்.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு மார்க் போட்டவளுக்கு இதுதான் முதல் அரியர்... சொன்னால் நம்பமாட்டீர்கள், ஸ்வீட் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்!